பழசாக்கி அனுப்பிய மவுஸ்

ஸ்ஃபாக்ஸ்,
14 ஜனவரி 2024

பாபா,

இதை நானே எழுதுகிறேன். நான் சொல்ல வேறு யாரும் எழுதவில்லை. நீங்கள் வாங்கிக் கொடுத்த புது லேப்டாப்பில், ஒற்றை விரலால்.

விசைகளை அழுத்த என் விரலுக்குப் பலம் இல்லை. அதனால் திரையிலேயே எழுத்துப் பலகையை வரவழைத்துக்கொண்டு, அம்புக்குறியை ஒவ்வோர் எழுத்தின் மேலும் கொண்டுபோய் நிறுத்துகிறேன். நின்றால் எழுத்து விழும். அம்பை நகர்த்த லேப்டாப்பில் இருப்பது ஒரு வழுக்குச் சதுரம்தான். விரல் நடுங்கினால் அம்பு மூலைக்கு ஓடிவிடுகிறது. எனக்கு ஒரு மவுஸ் வேண்டும். எந்தக் கம்பெனியானாலும் சரி.

ஃபோன் செய்யாதீர்கள். என் பேச்சு இப்போது யாருக்கும் புரிவதில்லை. போன தடவை நீங்கள் அழுதீர்கள், நான் அழுதேன், மப்ரூக்கா ஃபோனைப் பிடுங்கி, "எல்லாரும் நல்லா இருக்கோம், வையுங்க" என்று வைத்துவிட்டாள். டிரைவர் அஷூர் வாராவாரம் மிஸ்ராத்தாவிலிருந்து லிபிய எல்லை தாண்டி இங்கே துனீசிய ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் ஏற்றி வருகிறார். கடிதத்தை அவரிடம் கொடுங்கள். என்னுடையதை மப்ரூக்கா அச்செடுத்து அவரிடம் கொடுப்பாள். இந்த நோயாளிகள் விடுதியில் என்னைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, திட்டுவது எல்லாம் அவள்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நவம்பரில் நீங்கள் வந்திருந்தபோது டாக்டர் என்னிடம் கேட்டார். "மூச்சு நிக்கற நிலை வந்தா தொண்டையில துளை போட்டு மெஷின்ல இணைக்கட்டுமா?" நான் வேண்டாம் என்றேன். என் குழறல் அவருக்குப் புரியவில்லை. உங்களைத் திரும்பிப் பார்த்தார். உங்களுக்குப் புரிந்தது. புரிந்துகொண்டே நீங்கள் சொன்னீர்கள்: "என்ன முடியுமோ எல்லாம் செய்யுங்கங்கறா, டாக்டர்."

நான் கத்தினேன். அதையும் மொழிபெயர்த்தீர்கள். "சந்தோஷத்துல கத்தறா."

அன்றைக்கு உங்களைப் போகச் சொன்னேன். இப்போது டாக்டருக்குத் திரையில் எழுதிக் காட்டிவிட்டேன். படித்துவிட்டு அவர் சொன்னார்: "அப்பா ஒண்ணு சொல்றார், நீங்க ஒண்ணு சொல்றீங்க. நாளைக்கு உங்க சனம் மொத்தமும் வந்து என் கழுத்தைப் பிடிக்கும். அவர் வாயாலயே சொல்லட்டும்."

என் பேச்சைப் புரட்டியது நீங்கள். நீங்களே நிமிர்த்துங்கள். டாக்டரிடம் என் பதிலைச் சொல்லுங்கள். அதுவரை இங்கே வர வேண்டாம்.

நஜாத்


மிஸ்ராத்தா,
21 ஜனவரி 2024

என் கண்ணே நஜாத்,

உனக்கு என் ஸலாம். உன் கடிதத்தைக் கடையில், கம்ப்ரஸர் பக்கத்தில் நின்றபடியே படித்தேன். கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன். தேடித் தேடிப் பார்த்தால் அது ஒரு லாரி டயருக்குள் இருந்தது. எப்படிப் போனது என்று கேட்காதே. உன் அப்பன் பஞ்சர் ஒட்டுகிறவன். எது எங்கே நுழையும் என்பதுதான் அவன் பிழைப்பு.

மவுஸ் வாங்கிவிட்டேன். ஃபவ்ஸி கடையில்தான், உனக்கு லேப்டாப் வாங்கிய அதே கடை. எனக்கு ஒரு பயம். லேப்டாப் ஒரு கம்பெனி, மவுஸ் வேறு கம்பெனி. ரத்தம் ஏற்றுகிற மாதிரி, குரூப் மாறினால் ஏதாவது ஆகிவிடாதா?

"ஏம்ப்பா ஃபவ்ஸி, இது அதுக்கு ஒத்துக்குமா?" என்றேன்.

"ஹாஜ் மிலாத், மவுஸுக்குக் குலம் கோத்திரம் எல்லாம் கிடையாது. எந்த வீட்லயும் போய் ஒட்டிக்கும். நம்ம ஊர் ஆளுங்கன்னு நினைச்சீங்களா?"

கடையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, பேரம் பேச மறந்துவிட்டேன். அதற்குத்தான் சிரிக்க வைத்தான் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

கூடவே ஒரு டப்பா பேரீச்சம்பழம். மப்ரூக்காவுக்கு. நீ விழுங்க வேண்டாம், தொண்டையில் நிற்கும். வாசனை மட்டும் பார்.

டாக்டர் விஷயம் எழுத வேண்டும். அஷூர் வெளியே ஹார்ன் அடிக்கிறான். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

உன் பாபா


ஸ்ஃபாக்ஸ்,
31 ஜனவரி 2024

பாபா,

மவுஸின் முனை தடித்த செவ்வகம். இந்த லேப்டாப்பில் இருப்பவை எல்லாம் மெல்லிய ஓட்டைகள். குலம் ஒத்துக்கொள்கிறது, வாசல் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டையும் விற்றவர் ஒரே ஃபவ்ஸி.

மப்ரூக்கா உலக்கையை எடுத்துக்கொண்டு வந்தாள். "ஒரு தட்டு தட்டினா உள்ள போயிடும்." நான் கண்ணால் கெஞ்சி நிறுத்தினேன். இங்கேயே வாங்கித் தருகிறேன் என்கிறாள். வாங்கட்டுமா?

உங்கள் கடிதத்தில் கண்ணாடிக்கு ஒரு பத்தி. பேரீச்சம்பழத்துக்கு ஒரு பத்தி. என் மூச்சுக்கு ஒன்றரை வரி, அதிலும் அஷூரின் ஹார்ன்.

இந்தக் கடிதம் எழுத மூன்று நாள் ஆயிற்று.

நஜாத்


மிஸ்ராத்தா,
9 பிப்ரவரி 2024

மகளே,

அங்கே ஒன்றும் வாங்க வேண்டாம். துனீசியாக்காரர்களே இங்கே வந்து மூட்டை மூட்டையாக வாங்கிக்கொண்டு போகிறார்கள். என் மகளுக்கு நான் அங்கிருந்து வாங்கித் தந்தால் ஊரில் தலைகாட்ட முடியாது. அதோடு, வேறு எதுவும் உனக்கு நான் செய்வதாகத் தெரியவில்லை. இதையாவது செய்கிறேன்.

ஃபவ்ஸியோடு சண்டை போட்டேன். "வாசல் வேறன்னு ஏன்டா சொல்லல?"

"நீங்க குலம்தானே ஹாஜ் கேட்டீங்க?"

இப்போது ஓர் இணைப்பான் அனுப்புகிறேன். ஒரு பக்கம் மெல்லிசு, மறுபக்கம் தடிப்பு. அதோடு வேறு மாதிரி ஒரு மவுஸ். இதை நகர்த்தவே வேண்டாம். முதுகில் ஓர் உருண்டை இருக்கிறது. கட்டைவிரலால் உருண்டையைத் தள்ளினால் அம்பு போகும். உன் மணிக்கட்டு தூக்க வராவிட்டாலும் கட்டைவிரல் வரும் அல்லவா? கடையில் நானே உட்கார்ந்து பார்த்தேன். அம்பை 'அலிஃப்' எழுத்தின் மேல் நிறுத்த முயன்றேன், அது ஃபவ்ஸியின் கணக்கைத் திறந்துவிட்டது. என்னைக் கடைக்கு வெளியே உட்காரச் சொன்னார்கள்.

எல்லையில் அஷூருக்குப் பெரும் பாடு. போன தடவை மவுஸ் புதுப் பெட்டியோடு இருந்ததால், வியாபாரச் சரக்கு என்று சொல்லி அரை நாள் வெயிலில் நிறுத்திவிட்டார்களாம். வண்டியில் இரண்டு நோயாளிகள். "ஹாஜ், அடுத்த தடவை புதுசு எதுவும் தராதீங்க. தந்தா பழசாக்கித் தாங்க" என்றான். இந்த வழியில் ஓடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை அது. எனக்குத்தான் தெரியவில்லை. இந்தத் தடவை மண்ணில் புரட்டிக் கொடுத்தேன்.

சரி. டாக்டர் விஷயம்.

நம் பள்ளிவாசல் இமாமிடம் போய்க் கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அவர் 'ஹராம்' என்பார் என்று நம்பித்தான் போனேன். அதை அப்படியே உனக்கு எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "குணமாகும்னு நம்பிக்கை இல்லாத வைத்தியத்தை ஒருத்தர் வேணாங்கலாம், அதுல பாவம் ஒண்ணும் எனக்குத் தெரியல" என்றார்.

அன்றிலிருந்து வேறு பள்ளிவாசலில் தொழுகிறேன்.

பாபா


ஸ்ஃபாக்ஸ்,
27 பிப்ரவரி 2024

பாபா,

உருண்டை வேலை செய்கிறது. அதனால்தான் இது நீண்ட கடிதம்.

நீங்கள் பள்ளிவாசல் மாறியதைப் படித்து நான் சிரித்தேன். சிரித்ததில் எச்சில் மூச்சுக்குழாயில் இறங்கி, மப்ரூக்கா என்னைக் குப்புறப் போட்டு முதுகில் அடித்தாள். "உங்க அப்பா லெட்டர்ல என்ன எழுதறார், ஆளைக் கொல்ற மாதிரி?" என்று கேட்டாள்.

உங்களுக்குப் புரியும்படி எழுத முயல்கிறேன். பதினாறு வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். பின்வரிசைக்கும் புரிந்ததா என்று பார்த்துத்தான் மேலே போவேன். நீங்கள் பின்வரிசை.

எனக்கு அடுத்த அறையில் ஒருவர் மெஷினில் இருக்கிறார். எனக்கு வந்த அதே நோய். அவர் மகன்கள் நல்லவர்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருகிறார்கள். முதல் வருடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்களாம். இப்போது ஆளுக்கொரு மூலையில் ஃபோனைப் பார்க்கிறார்கள். அவர் கண் மட்டும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும். போன வாரம் இடைக்கதவு திறந்திருந்தபோது அந்தக் கண் என் மேல் வந்து நின்றது. நான் திரும்பிக்கொள்ள முயன்றேன். என்னால் அவ்வளவு தூரம் திரும்ப முடியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

எனக்கு அது வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. உங்களைத் தண்டிக்கவும் சொல்லவில்லை. மூச்சு தானாகப் போகும்போது போகட்டும்.

ஒன்று கேட்கிறேன். மவுஸ் கேட்டால் மவுஸ் அனுப்புகிறீர்கள். வாசல் சேரவில்லை என்றால் இணைப்பான். பதில் கேட்டால் அதற்கும் மவுஸ்தான் வருகிறது. இந்த அறையில் இப்போது மவுஸ்கள் பெருகிவிட்டன. மப்ரூக்கா பூனை வளர்க்கலாம் என்கிறாள்.

கட்டைவிரல் காலையில்தான் சொன்னபடி கேட்கிறது. மதியத்துக்கு மேல் அசையாது. அடுத்து என்ன அனுப்பப் போகிறீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தலை இன்னும் திரும்புகிறது, கொஞ்சம்.

நஜாத்


மிஸ்ராத்தா,
9 மார்ச் 2024

கண்ணே,

பின்வரிசையிலிருந்து எழுதுகிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு கடையைச் சாத்திவிட்டு ஃபவ்ஸியிடம் போனேன். "தலை மட்டும் அசையும். கை இல்லை. அதுக்கு என்ன இருக்கு?" என்றேன். அவன் முதல் முறையாக ஒரு நக்கலும் அடிக்கவில்லை. எல்லா அலமாரியையும் புரட்டினான். கடைசியில் ஒன்றைக் கொண்டுவந்தான். டி.வி.க்கு விற்கிற சாமான். ரிமோட் மாதிரி இருக்கும். காற்றில் ஆட்டினால் அம்பு ஆடும். மேஜையும் வேண்டாம், கம்பியும் வேண்டாம்.

அதை ஒரு துணிப் பட்டையில் வைத்துத் தைத்து, என் நெற்றியில் கட்டிக்கொண்டு, ஃபவ்ஸியின் லேப்டாப் முன் உட்கார்ந்தேன். தலையைத் திருப்பினால் அம்பு திரும்புகிறது! மெதுவாக, மெதுவாக, உன் பெயரை எழுதினேன். அரபியில் நாலு எழுத்து. கழுத்து பிடித்துக்கொண்டது. கடைக்கு வந்த ஒரு கிழவர் ஃபவ்ஸியிடம் கேட்டது காதில் விழுந்தது: "ஹாஜுக்கு எப்போலேர்ந்து இப்படி?"

இந்தத் தடவை எல்லையில் ஒரு சிக்கலும் வராது. பழசாக்கும் வித்தையை முழுசாகக் கற்றுக்கொண்டுவிட்டேன். பெட்டியை, அதிலிருந்த அட்டை, பிளாஸ்டிக், காகிதம் எல்லாவற்றோடும் குப்பையில் போட்டேன். பிறகு ரிமோட்டைக் கடைச் சுவரில் லேசாகத் தேய்த்தேன். கிரீஸ் கையால் ஒரு பிடி. விளிம்பில் கொஞ்சம் தக்காளி விழுது. அஷூரிடம் காட்டினேன். "அடேயப்பா ஹாஜ், இதைப் பார்த்தா மூணு தடவை விவாகரத்து ஆன ரிமோட் மாதிரி இருக்கு" என்று பாராட்டினான். எனக்கு ஒரே பெருமை. நாற்பது வருடமாகப் பழசைப் புதுசாக்கிப் பிழைத்தவன் நான். புதுசைப் பழசாக்கவும் வந்துவிட்டது.

நோன்பு வருகிறது. இந்த மாதம் ஒன்றும் கேட்காதே. பெருநாள் கழியட்டும். கழிந்ததும் டாக்டரிடம் பேசுகிறேன். என்ன பேசுவேன் என்று எழுதவில்லை என்பதை நீ கவனிப்பாய். உன்னை ஏமாற்ற முடியாது. ஆனால் பேசுகிறேன்.

பாபா


மிஸ்ராத்தா,
22 மார்ச் 2024

நஜாத்,

இதை யாரிடம் கொடுத்து அனுப்புவேன் என்று தெரியவில்லை. கடலோர எல்லையை மூடிவிட்டார்கள். அங்கே துப்பாக்கிச் சண்டை. அஷூர் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டான். மலைப்பக்கம் இன்னோர் எல்லை இருக்கிறது, ஆனால் அந்த வழி அவனுக்குப் பழக்கமில்லை. நோன்போடு ஓட்ட முடியாது, பெருநாளுக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறான். எழுதி வைக்கிறேன்.

மப்ரூக்கா ஃபோன் செய்தாள். ரிமோட் வந்து சேர்ந்தது, பட்டையும் உன் தலைக்குச் சரியாக இருக்கிறது, ஆனால் அம்பு அசையவில்லை என்றாள். "ஹாஜ், இது கூட ஒரு சின்னத் துண்டு வரணுமாம். லேப்டாப்ல சொருகறது. கீழ கடைக்காரர் சொன்னார். அது எங்க?"

ஃபவ்ஸியிடம் ஓடினேன்.

"நகம் அளவு ஒரு துண்டு, ஹாஜ். கறுப்பா இருக்கும். நீங்க பார்க்கறப்போ என் லேப்டாப்ல சொருகியிருந்தேன். கழற்றிப் பெட்டியில அட்டைக்கு அடியில வெச்சுத் தந்தேனே."

"கம்பியில்லாததுன்னு சொன்னியேடா!"

"கம்பி இல்ல. துண்டு உண்டு."

பெட்டி குப்பையில். குப்பை, நகராட்சி லாரியில். ஊருக்கு வெளியே கொட்டும் இடத்துக்குப் போய்க் கழியை வைத்துக் கிளறினேன். நோன்பு வாயோடு, அந்த நாற்றத்தில், நகம் அளவு கறுப்புத் துண்டு. அங்கே எல்லாமே கறுப்பாகத்தான் இருந்தது. ஒருவர் வந்து, "என்ன தேடறீங்க, ஹாஜ்?" என்றார். சொன்னேன். அவரும் குனிந்து கொஞ்ச நேரம் தேடினார், பாவம்.

வேறு துண்டைச் சொருகினால் ஆகாதா என்றேன். ஆகாதாம். ஒவ்வொன்றும் தன் ஜோடிக்கு மட்டும்தான் காது கொடுக்குமாம். குலம் கோத்திரம் இல்லை என்று சொன்ன அதே வாய். அந்த வகை அவனிடம் தீர்ந்துவிட்டது, வரவழைக்க வேண்டும். மப்ரூக்காவிடம் அங்கேயே பார்க்கச் சொன்னேன். உன்னை விட்டுவிட்டு அவசரமாக ஓடினாளாம். கடையில் சாதாரணக் கை மவுஸைக் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம்.

கட்டைவிரலும் நின்றுவிட்டது என்று சொன்னாள்.

ஆக, உன் வாயை நான்தான் மூடினேன், மகளே. நவம்பரில் ஒரு தடவை தெரிந்தே. இப்போது தெரியாமல். இந்த இரண்டாவதுதான் எனக்குத் தாங்கவில்லை. முதலாவதில் குறைந்தபட்சம் ஒரு காரணம் இருந்தது.

பாபா


மிஸ்ராத்தா,
15 ஏப்ரல் 2024

நஜாத்,

அஷூர் நாளைக்கு மலைவழியாகக் கிளம்புகிறான். போன மாதம் எழுதியதும் இதுவும் சேர்ந்து வரும். கூடவே புது ரிமோட். பெட்டியோடு, அட்டையோடு, நகத்துண்டோடு. ஒரு தூசி படாமல் வைத்திருக்கிறேன். அரை நாள் நிறுத்தினால் நிறுத்தட்டும்.

நடந்ததை உனக்கு மப்ரூக்கா சொல்லியிருப்பாள். நானும் சொல்ல வேண்டும்.

பெருநாளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபோன். மப்ரூக்கா அழுகிறாள். பிறகு டாக்டர். உனக்கு நெஞ்சில் சளி, காய்ச்சல், மூச்சு திணறுகிறது. "ஹாஜ், இப்பவே சொல்லணும். மெஷின்ல போடணுமா, வேணாமா?"

வாயில் எச்சில் இல்லை. நோன்பா, பயமா, தெரியவில்லை.

"வேணாங்கறா" என்றேன்.

"சரியாக் கேக்கல, சத்தமா."

"என் மக வேணாங்கறா, டாக்டர். நவம்பர்லயே வேணாம்னுதான் சொன்னா. நான்தான் உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

"மருந்து கொடுப்போம். மருந்துக்கு அடங்கலன்னா, அவ்வளவுதான். புரியுதா?"

"புரியுது."

வைத்துவிட்டார். டியூபைத் திரும்ப எடுத்தேன். ஒட்டினேன். வேறு ஒருவருடைய டயரில் மாட்டிக் கொடுத்துவிட்டேன். அவரும் போய்விட்டார்.

பிறகு வீட்டுக்குப் போய் முன்னறையைக் கழுவினேன். பக்கத்து வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகள் கேட்டு வாங்கினேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. துக்கத்துக்கு வருகிறவர்கள் உட்கார வேண்டுமே, அதற்கு. சுவரோரமாக வரிசையாகப் போட்டுவிட்டு, நடுவில் நான் ஒருவன் மட்டும் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நோன்பு திறக்கும் பாங்கு சொன்னார்கள். தண்ணீர் குடிக்கத் தோன்றவில்லை. எல்லை மூடியிருந்தது. திறந்திருந்தாலும் உன்னிடம் எந்த முகத்தோடு வருவது?

பெருநாளன்று காலை மப்ரூக்கா கூப்பிட்டாள். இறப்புச் செய்தி என்று நினைத்து நான் "இன்னா லில்லாஹி" ஓதத் தொடங்கிவிட்டேன். அவள் கத்தினாள்: "என்ன ஓதறீங்க? காய்ச்சல் விட்டுடுச்சு! கண்ணை முழிச்சு என்னை முறைக்கறா!"

பக்கத்து வீட்டுக்காரர் நாற்காலிக்கு வந்தார். "இவ்ளோ நாற்காலி எதுக்கு ஹாஜ்?" என்று கேட்டார். பெருநாளுக்கு ஆள் வருவார்கள் என்று சொல்லிவிட்டேன். ஒருவரும் வரவில்லை. அவர் அடுக்கி எடுத்துக்கொண்டு போனார்.

நான் உன்னைக் கைவிட்டேன், நீ பேச்சுக் கேட்காமல் பிழைத்துக்கொண்டாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நீ கேட்டதைச் செய்துவிட்டேன், நஜாத். நன்றாகச் செய்தேனா என்று மட்டும் சொல்.

பாபா


ஸ்ஃபாக்ஸ்,
5 மே 2024

பாபா,

தலையால் எழுதுகிறேன். பட்டை இறுக்கமாக இருக்கிறது. நல்லதுதான்.

நன்றாகச் செய்தீர்கள். நான் எழுதியதை அப்படியே சொன்னீர்கள். டாக்டர் என் முன்னால்தான் பேசினார். ஃபோனில் உங்கள் குரல் எனக்கும் கேட்டது. பொய் சொன்னேன் என்று நீங்கள் கத்தியது கேட்டது.

இப்போது எழுதுவதைப் படித்துவிட்டு உடைந்துபோகாதீர்கள்.

மூச்சு வராதபோது எனக்கு மெஷின் வேண்டும் என்று இருந்தது.

பிப்ரவரியில் எழுதியது எல்லாம் உண்மை. அடுத்த அறைக்காரர், அவர் கண், எல்லாம். ஆனால் அந்த நேரத்தில் அவர் நினைவு வரவே இல்லை. காற்று மட்டும்தான் வேண்டும் என்று இருந்தது. துளை போடட்டும், எது வேண்டுமானாலும் செய்யட்டும். அறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரையும் பார்த்து என் கண்ணை அகல விரித்தேன். "பயப்படறாங்க" என்றார் டாக்டர். "நான் இருக்கேன், நான் இருக்கேன்" என்றாள் மப்ரூக்கா. யாரும் என்னைக் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? பதில் மிஸ்ராத்தாவிலிருந்து வந்துவிட்டது. சரியான பதில். என்னுடைய பதில்.

மவுஸ் வேலை செய்திருந்தால் சொல்லியிருப்பேனா? அந்தத் திணறலில் ஓர் எழுத்தைக்கூடத் தொட்டிருக்க மாட்டேன். குப்பையைக் கிளறியதை நினைத்து இனிமேல் உங்களை வதைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. மாதக்கணக்கில் அந்த ஒரே பதிலை உங்களுக்குப் புகட்டியது நான்.

இன்றைக்குக் கேட்டால் மறுபடியும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். உட்கார்ந்து, மூச்சு விட்டுக்கொண்டு சொல்வேன். அடுத்த தடவை என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. அது சீக்கிரம் வரும் என்கிறார் டாக்டர்.

அதனால் வாருங்கள். பதிலைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். அந்த நேரத்தில் என் பக்கத்தில் இருந்து என்னைக் கேளுங்கள். கண்ணை மூடினால் வேண்டாம். திறந்தே வைத்திருந்தால் வேண்டும். எதைப் பார்க்கிறீர்களோ அதை டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்கள் பார்க்க விரும்பியதை அல்ல.

என் குழறல் புரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

நஜாத்


மிஸ்ராத்தா,
11 மே 2024

கண்ணே,

கடை அடைத்தாயிற்று. மலைவழியில் அஷூருடன் வருகிறேன். அதற்கு முன்பே இந்தக் கடிதம் இன்றைக்குக் கிளம்பும் வேறொரு வண்டியில் வரும். நான் வந்து நிற்கும்போது நீ திடுக்கிட வேண்டாம் என்பதற்காக.

நீ எழுதியதைப் படித்து உடையவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டாய். உடைந்தேன். அதை இங்கே எழுதினால் நீ ஆறுதல் எழுதிக் கழுத்து வலிக்கும், வேண்டாம். அங்கே வந்து, மப்ரூக்காவின் சமையலறையில், உனக்குக் கேட்காத மாதிரி பார்த்துக்கொள்கிறேன்.

நீ சொன்னபடி கேட்டுப் பழகுகிறேன். கண்ணாடி முன்னால் நின்று, "வேணுமா, வேணாமாம்மா?" சும்மா இரண்டு சொல்தான். ஆனால் முதல் சொல்லில் என் குரல் ஏறுகிறது, இரண்டாவதில் இறங்குகிறது. புருவம் வேறு என்னைக் கேட்காமலே மேலே போகிறது. ஃபவ்ஸியை முன்னால் உட்கார வைத்துக் கேட்டுப் பார்த்தேன். "ஹாஜ், நீங்க கேக்கற லட்சணத்துல செத்தவன்கூட 'வேணும்'னு எந்திரிச்சு உக்காருவான்" என்றான். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆகையால் உன் தலைமாட்டில் நிற்பேன். எனக்கு உன் கண் தெரியும், உனக்கு என் முகம் தெரியாது. குரலை ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு மட்டும் நீ என்னை மன்னிக்க வேண்டும்.

திறந்திருந்தால் திறந்திருக்கிறது என்பேன். மூடினால், மூடிவிட்டாள் என்றுதான் டாக்டரிடம் சொல்வேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சொல்வதற்கு முன் கொஞ்சம் தாமதிப்பேன். வயசாளி, தொண்டையைச் சரிசெய்துகொள்ள நேரம் ஆகும். அதற்குள் நீ மறுபடியும் திறந்தாலும் பரவாயில்லை.

பாபா